சிலிக்கான் க்யூபிட்டை வேகமாக வாசிப்பது: மதுரையில் இருந்துகொண்டு இதில் ஏதாவது செய்ய முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஈ.சி.இ. கடைசி வருடம் படிக்கிறேன். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு க்யூபிட். சிலிக்கானில் செய்த க்யூபிட்டின் நிலையை வாசிக்கும் சுற்றுகளைப் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன் என்று தலைப்பு கொடுத்திருந்தேன். முதல் ரிவ்யூவிலேயே "இது பிசிக்ஸ், நம்ம டிபார்ட்மென்ட் வேலை இல்லை, வேறு தலைப்பு பார்" என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் அவகாசம் கேட்டு வந்திருக்கிறேன்.

நான் படித்த வரையில் இது நம்ம டிபார்ட்மென்ட் வேலைதான் என்று நினைக்கிறேன். சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானைப் பிடித்து வைப்பது, அதன் ஸ்பின்னை (மேலோ கீழோ பார்க்கும் குட்டிக் காந்தம் மாதிரியான குணம், இங்கே அதுதான் க்யூபிட்) திருப்புவது, இரண்டு ஸ்பின்களைப் பேச வைப்பது எல்லாம் நன்றாகவே வந்துவிட்டன. 2022 ஜனவரியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜப்பானின் ரிக்கென், ஆஸ்திரேலியாவின் சிட்னி என்று மூன்று குழுக்கள் இரண்டு க்யூபிட் செயல்பாட்டில் 99 சதவீதத் துல்லியத்தைத் தாண்டியதாக ஒரே சமயத்தில் எழுதின. ஆனால் கணக்கு முடிந்ததும் "நீ மேலா, கீழா?" என்று அந்த எலக்ட்ரானிடம் கேட்டு, பதிலை அறை வெப்பநிலையில் இருக்கும் கருவி வரை கொண்டுவர வேண்டும். அதுவும் மற்ற க்யூபிட்டுகள் மறந்துபோவதற்குள். அதுவும் லட்சக்கணக்கான க்யூபிட்டுகளுக்கு. இந்த இடத்தில் ரிசனேட்டர் (ஒத்ததிர்வுச் சுற்று), ஆம்ப்ளிஃபையர், மல்டிப்ளெக்சிங் (ஒரே கம்பியைப் பல சிக்னல்கள் பகிர்வது) என்று எல்லாமே நம் பாடப்புத்தகச் சொற்களாகத்தான் இருக்கின்றன.

என் புரிதல் சரியா? சரி என்றால் இந்த க்யூபிட்டுக்கு வேண்டிய மில்லி கெல்வின் ஃப்ரிட்ஜ் (தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் வரை குளிரூட்டும் கருவி) எதுவும் இல்லாத ஊரில் ஒரு மாணவன் என்ன செய்து காட்ட முடியும்? வாசிப்புச் சுற்றின் படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை எழுதியது:

தம்பி, மனசு நோகச் சொல்லவில்லை. உங்கள் ரிவ்யூவில் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிலிக்கான் சிப் செய்யும் ஃபேப் இங்கே இல்லை, குளிரூட்டி இல்லை. கையில் சாமான் இல்லாமல் பேப்பரில் மட்டும் ப்ராஜெக்ட் செய்தால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வீர்கள். நானும் அதே டிபார்ட்மென்ட்தான், ஏழு வருடத்துக்கு முன். அனுபவத்தில் சொல்கிறேன்.

நாகமலை டீச்சர் எழுதியது:

முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். முதலில் "வாசிப்பது" என்றால் என்ன என்று தெளிவாகட்டும். அப்புறம் அது யார் டிபார்ட்மென்ட் என்று பேசலாம்.

ஒரு எலக்ட்ரானின் ஸ்பின்னுக்குள் இருக்கும் காந்தத்தன்மை மிகமிகச் சிறியது. அதை நேராக அளக்க நினைப்பது வீண். அதனால் எல்லோரும் ஒரு சுற்றுவழியைப் பிடிக்கிறார்கள். ஸ்பின் கேள்வியை மின்னூட்டக் கேள்வியாக மாற்றிவிடுவது. "நீ எந்தப் பக்கம் பார்க்கிறாய்" என்று கேட்காமல், "நீ இடம் நகர்ந்தாயா, இல்லையா" என்று கேட்பது. எலக்ட்ரான் நகர்ந்தால் பக்கத்தில் மின்னூட்டம் மாறும். அதைக் கண்டுபிடிக்கலாம்.

முதல் வழி, 2004 இல் டெல்ஃப்டில் காலியம் ஆர்சனைடில் செய்து காட்டியது. காந்தப்புலத்தில் வைத்தால் இரண்டு ஸ்பின் நிலைகளும் ஆற்றலில் பிரியும். பக்கத்தில் எலக்ட்ரான்கள் நிறைந்த ஒரு தேக்கம் இருக்கும். அதன் ஆற்றல் மட்டத்தை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவார்கள். உயர்ந்த ஆற்றலில் இருப்பவர் வெளியே குதித்துவிடுவார், கொஞ்ச நேரத்தில் தாழ்ந்த ஆற்றலுக்குரிய இன்னொருவர் உள்ளே வருவார். தாழ்ந்தவர் என்றால் அசையவே மாட்டார். பக்கத்தில் வைத்த உணரியில் ஒரு சின்ன மேடு தெரிந்தால் உயர் நிலை, ஒன்றும் தெரியாவிட்டால் தாழ்நிலை. 2010 இல் சிட்னியில் மொரெல்லோவும் கூட்டாளிகளும் இதையே சிலிக்கானில் ஒரே தடவையில் வாசித்துக் காட்டினார்கள். 1.5 டெஸ்லா புலத்தில் அந்த ஸ்பின் ஏறக்குறைய 6 விநாடி தன் நிலையை வைத்திருந்தது. 6 விநாடி! ஒரு எலக்ட்ரானுக்கு அது யுகம்.

இந்த வழியில் ஒரு சிக்கல். நடுவில் நிறுத்தும் மட்டம் கூர்மையாக இருக்க வேண்டும். 1 டெஸ்லாவில் இரண்டு நிலைகளின் இடைவெளி 28 ஜிகாஹெர்ட்ஸ். வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் சுமார் 1.3 கெல்வின். தேக்கமே 1 கெல்வினில் இருந்தால் மட்டம் கலங்கிப்போகும், கீழே இருப்பவரும் தவறிக் குதிப்பார். அதனால் மிகக் குளிர்ந்த ஃப்ரிட்ஜ் கட்டாயம்.

இரண்டாவது வழி பௌலி தடை. இரண்டு குவாண்டம் புள்ளிகள் (எலக்ட்ரானை அடைத்துவைக்கும் குட்டிக் குழிகள்), ஒவ்வொன்றிலும் ஒரு எலக்ட்ரான். மின்னழுத்தத்தைச் சாய்த்து இரண்டு பேரையும் ஒரே புள்ளியில் உட்கார அழைக்கிறோம். ஒரே இருக்கை என்றால் ஸ்பின்கள் எதிரெதிராக இருந்தாக வேண்டும், பௌலி விதி அப்படி. சிங்லெட் நிலை (ஸ்பின்கள் எதிரெதிராக ஜோடி சேர்ந்தது) என்றால் ஒருவர் நகர்ந்து வந்து உட்காருவார். டிரிப்லெட் (அப்படி ஜோடி சேராதது) என்றால் வரமாட்டார். நகர்ந்தாரா இல்லையா என்பதுதான் விடை. இதில் தேக்கத்தின் மட்டம் விடையைத் தீர்மானிப்பதில்லை. அதனால்தான் 2020 இல் டெல்ஃப்ட் 1.1 கெல்வினிலும் சிட்னி 1.5 கெல்வினிலும் சிலிக்கான் க்யூபிட்டுகளை இயக்க முடிந்தது. அங்கே குளிரூட்டும் திறன் 20 மில்லி கெல்வினில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கிடைக்கும். மின்னணுச் சுற்றுகளைப் பக்கத்திலேயே வைக்கலாம் என்ற ஆசை அதனால்தான் வருகிறது.

பழங்காநத்தம் ரேடியோ எழுதியது:

டீச்சர் சொன்னது நன்றாகப் புரிந்தது. எனக்கு குவாண்டம் தெரியாது. நாற்பது வருடம் ரேடியோ, டிவி சர்வீஸ் பார்த்தவன், இப்போது ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரன். தம்பி அனுப்பியிருந்த படத்தில் காயிலும் கேபாசிட்டரும் கண்ணில் பட்டதால் வந்தேன்.

அந்தப் படத்தில் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். க்யூபிட்டைப் பிடித்து வைத்திருக்கும் கேட் மின்முனையிலேயே ஒரு காயிலைக் கட்டிவிடுகிறார்கள். காயில், கேட்டின் கேபாசிட்டன்ஸ் இரண்டும் சேர்ந்து ஒரு ட்யூன்ட் சர்க்யூட். கேபிள் வழியாகச் சின்ன ரேடியோ சிக்னலை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிறார்கள். எலக்ட்ரான் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போய்வந்தால், அந்த அசைவே ஒரு கூடுதல் கேபாசிட்டர் மாதிரி. ட்யூனிங் துளி நகரும். எலக்ட்ரான் அசையாமல் அடைபட்டிருந்தால் நகராது. அவ்வளவுதானே? ரேடியோவில் கேங் கண்டென்சர் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ஸ்டேஷன் நகரும். அதையே வேண்டுமென்று செய்கிறார்கள்.

இன்னொன்று. கொடைக்கானல் டிவி ஸ்டேஷன் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பிவைத்த காலத்தில், பூஸ்டரை டிவிப் பெட்டிக்குப் பின்னால் மாட்டச் சொல்வார்கள். நான் மாடியேறிக் கம்பத்திலேயே மாட்டுவேன். கீழே மாட்டினால் கேபிள் தின்றது போக மீதியை, இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கும். முதல் ஆம்ப்ளிஃபையர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இங்கேயும் அந்தக் கதைதான் நடக்க வேண்டும்.

நாகமலை டீச்சர் எழுதியது:

அண்ணே, துளியும் தப்பில்லை. அந்தக் கூடுதலுக்கு குவாண்டம் கேபாசிட்டன்ஸ் என்று பெயர். அளவு பெரும்பாலும் ஒரு ஃபெம்டோஃபாரடுக்கும் கீழே. சுற்றின் மொத்த கேபாசிட்டன்ஸ் அரை பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டாலும், மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நான் கல்லூரியில் இதைப் பாடமாக எடுத்திருந்தால் நீங்கள் சொன்ன கை உதாரணத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

வைகைக்கரை எழுதியது:

அண்ணே, டீச்சர், இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 நானோஹென்ரி, 0.5 பிக்கோஃபாரட் என்றால் சுமார் 710 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. அந்தச் சின்ன நகர்வைப் பிடிக்க ரிசனேட்டரின் க்யூ காரணியை (ஒத்ததிர்வின் கூர்மையை) முடிந்தவரை ஏற்றிக்கொண்டே போனால் போதும் அல்லவா? மீக்கடத்தியில், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருளில், காயில் போட்டால் க்யூ ஆயிரக்கணக்கில் போகும் என்று படித்தேன்.

சிம்மக்கல் எழுதியது:

இல்லை, இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். நான் பெங்களூரில் ஆர்.எஃப். சிப் வடிவமைப்பில் இருக்கிறேன், பிறந்தது வளர்ந்தது சிம்மக்கல். சில வருடங்களாக இந்தத் துறைக் கட்டுரைகளை விடாமல் வாசித்துவருகிறேன்.

க்யூ ஏறினால் உணர்திறன் ஏறும், உண்மை. ஆனால் ரிசனேட்டர் சோம்பேறியாகிவிடும். உள்ளே நடந்த மாற்றம் வெளியே தெரிய எடுக்கும் நேரம் க்யூவுக்கு நேர்விகிதம். உங்கள் 710 மெகாஹெர்ட்ஸ் சுற்றில் க்யூ 500 என்றால் கால் மைக்ரோ விநாடிக்குள் பதில் சொல்லத் தொடங்கும். 50,000 என்றால் இருபது மைக்ரோ விநாடிக்கு மேல் இழுக்கும். அதற்குள் காரியம் கெட்டுவிடும். க்யூவை ஏற்றுவதைவிட, கேட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள பிணைப்பை ஏற்றுவதும், சுற்றின் வெட்டி கேபாசிட்டன்ஸைக் குறைப்பதும் முக்கியம். 2019 இல் டெல்ஃப்டில் சிப் மேலேயே மீக்கடத்தி ரிசனேட்டரைச் செய்து, 6 மைக்ரோ விநாடியில் 98 சதவீத நம்பகத்தோடு வாசித்தார்கள். வெளியே தொங்கும் கம்பிகளின் கேபாசிட்டன்ஸ் போனதுதான் பெரிய லாபம்.

சரி, சிக்னலைப் பலமாக அனுப்பலாமே என்றால் அதற்கும் எல்லை. வீச்சு அதிகமானால் எலக்ட்ரான் போய்வரும் அந்தக் குறுகிய ஜன்னலைத் தாண்டி ஆட்டிவிடுவோம். அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் பதில் வளராது, பக்கத்து க்யூபிட்டுகள்தான் கலங்கும். ஆக மெல்லிய குரலில் கேட்டு, மெல்லிய பதிலைத்தான் கேட்டாக வேண்டும். அண்ணன் சொன்ன கம்பத்துப் பூஸ்டர் இங்கே 4 கெல்வின் தட்டில் உட்காரும் ஹெம்ட் என்ற இரைச்சல் குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர், அதன் இரைச்சல் வெப்பநிலைக் கணக்கில் சில கெல்வின். இன்னும் வேண்டுமென்றால் அதற்கும் கீழே, மில்லி கெல்வின் தட்டிலேயே மீக்கடத்தியால் செய்த ஜோசப்சன் ஆம்ப்ளிஃபையர் வைப்பார்கள். அது குவாண்டம் விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச இரைச்சலுக்குப் பக்கத்தில் போகும். முதல் படியில் இரைச்சல் பாதியானால், அதே தெளிவுக்குச் சராசரி எடுக்கும் நேரமும் பாதியாகும். வேகம் அங்கிருந்துதான் கிடைக்கிறது.

ஒத்தக்கடை எழுதியது:

நான் முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது, கிண்டலுக்குக் கேட்கவில்லை. மீக்கடத்தியில் செய்யும் க்யூபிட்டில் எண்ணிக்கை நூற்றுக்கு மேல் போய்விட்டது. அங்கே வாசிப்பு சில நூறு நானோ விநாடி. சிலிக்கானில் டெல்ஃப்ட் 2022 இல் ஆறு க்யூபிட், இன்டெல் 2023 இல் வெளியிட்ட டனல் ஃபால்ஸ் சிப்பில் பன்னிரண்டு. பின்னால் ஓடுகிற குதிரை மேல் ஏன் பணம் கட்ட வேண்டும்?

சிம்மக்கல் எழுதியது:

நியாயமான கேள்வி. விடை அளவில் இருக்கிறது. மீக்கடத்தி க்யூபிட் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் வரும். சிலிக்கான் புள்ளிகளின் இடைவெளி 100 நானோமீட்டர் அளவுதான். ஆயிரத்துக்கு ஆயிரம் என்று அடுக்கினால், பத்து லட்சம் புள்ளிகள் 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குள் அடங்கும். பொடிமணலில் ஒரு துகள். 300 மில்லிமீட்டர் வேஃபர் என்ற சிலிக்கான் தட்டில், போன் சிப் செய்யும் அதே முறையில் செய்யலாம்.

ஆனால் இந்தச் சின்ன உருவமே வாசிப்புக்கு எதிரி. அண்ணன் சொன்ன அந்தக் காயிலை நினைத்துப் பாருங்கள். சிப் மேல் சுருள் காயில் ஒன்று வரைந்தால் குறைந்தது 100 மைக்ரோமீட்டர் பக்கம் பிடிக்கும். அதாவது பத்து லட்சம் க்யூபிட் உட்காரும் இடத்தில் ஒரே ஒரு காயில்! க்யூபிட்டுக்கு ஒரு காயில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காயில் வேண்டாம், பக்கத்தில் தனி உணரி வைக்கலாம் என்றால், அதற்கு எலக்ட்ரான் தேக்கங்கள் இரண்டு, கம்பிகள் என்று அக்கம்பக்கத்து இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் க்யூபிட்டுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்றே மிஞ்சாது. ஒரே ஒரு தேக்கத்தோடு வேலை செய்யும் ஒற்றை எலக்ட்ரான் பெட்டி என்ற சமரசம் ஒன்று வந்திருக்கிறது. அதில் சில மைக்ரோ விநாடிகளில் 99 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறார்கள். என் கணிப்பில் அடுத்த சில வருடங்களுக்கு அதுதான் நடைமுறை வழி.

நாகமலை டீச்சர் எழுதியது:

சிலிக்கானுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் படிகத்தில் எலக்ட்ரானுக்கு ஆறு பள்ளத்தாக்குகள், அதாவது ஒரே ஆற்றலில் ஆறு தாழ்நிலைகள். குறுக்கி அடைத்த பிறகும் கிட்டத்தட்ட ஒரே ஆற்றலில் இரண்டு மிஞ்சும். அவற்றின் இடைவெளி போதாவிட்டால், டிரிப்லெட்டில் இருப்பவர் அடுத்த பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு அதே புள்ளிக்குள் நுழைந்துவிடுவார். பௌலி தடை ஓட்டையாகிவிடும். இந்த இடைவெளி புள்ளிக்குப் புள்ளி மாறும், இடைமுகப்பில் ஒரு அணு அடுக்கு கூடக்குறைய இருந்தாலே மாறும். பத்து லட்சம் புள்ளிகளிலும் இது ஒழுங்காக அமைய வேண்டும் என்பது சாதாரணக் கோரிக்கை இல்லை. தம்பி, ரிவ்யூவில் யாராவது கேட்டால் இதையும் சொல்லுங்கள். கஷ்டத்தை மறைத்தால் நம்பமாட்டார்கள்.

திருமங்கலம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தியாவில் இதற்குப் பணம் வருகிறதா?

சிம்மக்கல் எழுதியது:

வருகிறது. தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது, 2031 வரைக்கும். கணினிக்கான மையம் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி., தகவல் தொடர்புக்கு சென்னை ஐ.ஐ.டி. அதில் குளிர்நிலை மின்னணுவியலுக்கு ஆள் தேவைப்படும். ஆர்.எஃப். கை பழகியவர்கள் எங்கேயும் குறைவுதான்.

ஒத்தக்கடை எழுதியது:

காயில் கணக்கு நன்றாக உறைத்தது. அப்படியானால் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான், இல்லையா?

எங்கள் வீட்டுத் தொழில் மல்லிகை. அதனால் இப்படித்தான் எனக்குப் புரிகிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டைக்கு ஒரு தராசு வைக்க முடியாது. ஒரே தராசில் வரிசையாக நிறுத்தலாம். ஆனால் மொட்டு மல்லி காத்திருக்காது. வரிசை நீண்டால், கடைசி மூட்டை தராசுக்கு வருவதற்குள் மலர்ந்து விலை இறங்கிவிடும். காத்திருக்கும் க்யூபிட்டும் அப்படித்தானே மறக்கும்? ஒரு தராசுக்கு எத்தனை மூட்டை என்பதுதான் கேள்வி.

சிம்மக்கல் எழுதியது:

இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. எண்களைப் போட்டுப் பார்ப்போம். 2014 இல் சிட்னியில் ஐசோடோப் சுத்திகரித்த சிலிக்கானில் க்யூபிட் எந்த உதவியும் இல்லாமல் 120 மைக்ரோ விநாடி நினைவு வைத்திருந்தது. சாதாரண சிலிக்கானில் 4.7 சதவீதம் சிலிக்கான் 29, அதன் அணுக்கரு ஸ்பின்தான் கலக்கும். அதை நீக்கியதால் வந்த பலன் இது. துடிப்புகளால் இடையிடையே தட்டி எழுப்பினால் 28 மில்லி விநாடி. ஒரு வாசிப்புக்கு 6 மைக்ரோ விநாடி என்றால் 120 க்குள் இருபது மூட்டை. தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் இன்னும் நீளும். ஆனால் பிழைத்திருத்தம் செய்யும்போது வாசிப்பு ஒரு தடவையோடு முடிவதில்லை, ஓயாமல் திரும்பத் திரும்ப நடக்கும். வரிசை நீளம் அப்படியே கணினியின் வேகக் குறைவாக வந்து நிற்கும். இருபது என்றே வைப்போம்.

இது நேரப் பகிர்வு. இதற்குக் கணினியின் டிராம் மெமரி மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி போட்டு, டிரான்சிஸ்டர் ஸ்விட்ச் வழியாக எந்தப் புள்ளியை ரிசனேட்டரோடு இணைப்பது என்று தேர்ந்தெடுப்பார்கள். 2019 இல் இந்த அமைப்பைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அழகு என்னவென்றால், கடுங்குளிரில் டிரான்சிஸ்டர் கசிவு கிட்டத்தட்ட நின்றுவிடும். கேட்டில் ஏற்றிய மின்னழுத்தம், ஸ்விட்சை அணைத்த பின்னும் நெடுநேரம் அப்படியே நிற்கும்.

இன்னொன்று அலைவரிசைப் பகிர்வு. ஒரே ஆகாயத்தில் மதுரை, திருச்சி, திருநெல்வேலி வானொலி நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் வருவது மாதிரி, ஒரே கேபிளில் பல ரிசனேட்டர்கள், ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்வெண்ணில். ஆம்ப்ளிஃபையரின் பட்டை 1 ஜிகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு நிலையத்துக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் விட்டால் ஐம்பது. இரண்டையும் பெருக்கினால் ஒரு கேபிளுக்கு ஆயிரம் க்யூபிட். பத்து லட்சத்துக்கு ஆயிரம் கேபிள். இதுவே இன்றைய ஃப்ரிட்ஜுக்குப் பெரிய சுமை. ரிசனேட்டர் ஐம்பதாயிரம், காயில் ஒவ்வொன்றுக்கும் 0.01 சதுர மில்லிமீட்டர், மொத்தம் 500 சதுர மில்லிமீட்டர். க்யூபிட்டுகள் 0.01 சதுர மில்லிமீட்டரில் இருக்க, அவற்றை வாசிக்கும் காயில்களுக்கு ஐம்பதாயிரம் மடங்கு இடம்! இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் இது பிசிக்ஸ் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழங்காநத்தம் ரேடியோ எழுதியது:

அப்படியானால் தம்பி மேஜையிலேயே செய்து காட்டலாம். ஹாம் ஆட்கள் எல்லோரும் இப்போது நானோவிஎன்ஏ வைத்திருக்கிறார்கள், உள்ளங்கை அளவுதான். சிக்னலை அனுப்பி, திரும்பி வருவதன் அளவையும் கட்டத்தையும் (ஃபேஸ்) காட்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாறும் கேபாசிட்டருக்கு வேராக்டர் தேடி அலைய வேண்டாம். 1என்4007 டயோடைத் தலைகீழாக பயாஸ் செய்தால் போதும், வோல்டேஜ் மாறினால் கேபாசிட்டன்ஸ் மாறும். டவுன் ஹால் ரோட்டில் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். அதுதான் உங்கள் எலக்ட்ரான்.

வைகைக்கரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னியுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

1 மைக்ரோஹென்ரி காயில் கையால் சுற்றினேன். 22 பிக்கோஃபாரட் செராமிக், அதற்கு இணையாக 1என்4007. டயோடுக்கு 9 வோல்ட் பேட்டரி, ஒரு மெகா ஓம் வழியாக. ஒத்ததிர்வு 29 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுந்தது. பேட்டரியை முழுசாக எடுத்து மாட்டினால் பல மெகாஹெர்ட்ஸ் தாவுகிறது. முதலில் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் டீச்சர் சொன்ன ஆயிரத்தில் ஒரு பங்கு நினைவுக்கு வந்தது. இவ்வளவு பெரிய தாவலைக் காட்டினால் அது க்யூபிட்டுக்கு நியாயமான உதாரணம் இல்லை. அதனால் 9 வோல்ட் மேல் வெறும் 0.1 வோல்டை மட்டும் ஏற்றி இறக்கினேன். மொத்த கேபாசிட்டன்ஸில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம். இப்போது திரையில் வளைவு நகர்வது கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அதிர்வெண்ணை ஒத்ததிர்வில் நிறுத்திவிட்டுக் கட்டத்தை மட்டும் பார்த்தால் சில டிகிரி மாறுகிறது. உண்மையான பரிசோதனைகளிலும் ஏன் கட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று அந்த நிமிடத்தில்தான் விளங்கியது.

பிறகு சிக்னலைக் கேபிளில் வேண்டுமென்றே 30 டெசிபல் குறைத்தேன். இரைச்சலில் மேல், கீழ் இரண்டும் கலந்துவிட்டன. ஒரு தடவை பார்த்துச் சொன்னால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி தப்பு. நூறு அளவீடுகளைச் சராசரி எடுத்தால் இரண்டு குவியல்களாகப் பிரிகின்றன. வேகத்துக்கும் நம்பகத்துக்கும் உள்ள பேரம் என்ன என்பதைப் படமாகவே வரைந்துவிட்டேன்.

கடைசியாக 29 இல் ஒன்று, 35 இல் ஒன்று என்று இரண்டு ரிசனேட்டர்களை ஒரே கேபிளில் மாட்டினேன். ஒன்றின் டயோடை மாற்றினால் இன்னொன்றின் கட்டமும் அசைந்தது. இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டேன். அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பார்த்ததும் ஒரு காயிலைப் பிடித்துத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்தார். அசைவு பெரும்பாலும் போய்விட்டது.

பழங்காநத்தம் ரேடியோ எழுதியது:

பழைய ரேடியோ சேஸிஸைத் திறந்து பாருங்கள், பக்கத்துப் பக்கத்துக் காயில்கள் ஒரே திசையில் இருக்காது. ஒன்றின் காந்தப்புலம் மற்றதற்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான். தம்பி சுற்றிய காயில் சுத்தமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சிம்மக்கல் எழுதியது:

சிப் மேல் வரைந்த சுருள்களைத் திருப்பி வைக்க முடியாது, எல்லாம் ஒரே தளத்தில் படுத்திருக்கும். அங்கே இடைவெளி விடுவது, நடுவில் தரைக்கம்பி ஓட்டுவது, அடுத்தடுத்த சுருள்களுக்கு எட்டமான அதிர்வெண் கொடுப்பது என்று வழி தேட வேண்டும். நான் மேலே போட்ட 500 சதுர மில்லிமீட்டர் கணக்கில் இந்த இடைவெளியைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் கணிசமாக ஏறும். அதை உங்கள் அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

அடுத்து நேரப் பகிர்வையும் முயன்று பாருங்கள். ஒரே ரிசனேட்டர், நான்கு டயோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அனலாக் ஸ்விட்ச். அணைத்துவைத்த ஸ்விட்சுகளின் கேபாசிட்டன்ஸும் ரிசனேட்டர் மேல்தான் உட்காரும். நான்கு, எட்டு என்று ஏற ஏற உங்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு எவ்வளவு மங்குகிறது என்று அளந்து வரைந்தால், அது பார்க்க வேண்டிய வரைபடம்.

ஒத்தக்கடை எழுதியது:

இதைச் செய்தால் நான் முதலில் சொன்னதற்கு நேர் எதிரான ஆதாரம் கிடைத்துவிடும். ஸ்விட்ச் ஐ.சி. நான் வாங்கித் தருகிறேன், எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி.

வைகைக்கரை எழுதியது:

எட்டு போதும் அண்ணே. நேற்று இரண்டாவது ரிவ்யூ. டயோடையும் காயிலையும் மேஜையில் வைத்து, 0.1 வோல்டுக்குக் கட்டம் அசைவதைக் காட்டினேன். டீச்சர் சொன்னபடி பள்ளத்தாக்குத் தொல்லையையும் நானே முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒருவர், "அணைத்துவைத்த ஸ்விட்ச் ரிசனேட்டரைப் பாதிக்காதா?" என்று கேட்டார். சிம்மக்கல் அண்ணன் சொன்ன அதே விஷயம். தலைப்பை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை பழங்காநத்தம் வருகிறேன் அண்ணே, நானோவிஎன்ஏவை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாமா?

பழங்காநத்தம் ரேடியோ எழுதியது:

வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது அந்த இரண்டு காயிலையும் கொண்டு வாருங்கள், நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்துப் பார்க்கலாம்.